பெரட்டில் பதில் சொன்னவர்

திருகோணமலை
7 மார்ச் 1954

அன்புள்ள றோசலின் அக்காவுக்குத் தம்பி சூசை எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். அம்மாவுக்கு இருமல் விட்டதா? பெரியப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்கள் பிரம்புக்குப் பயப்படுகிறார்களா, அல்லது பழையபடி சிரிக்கிறார்களா?

கப்பற்படைச் சாமான் கிடங்கில் இப்போது இரண்டு அலமாரிகளின் சாவி என் கையில் இருக்கிறது. என்னோடு மஃறூப் நானா என்று ஒரு பெரியவர் வேலை செய்கிறார். சண்டைக் காலத்தில் கப்பலில் இருந்தவர். அந்தக் காலத்தில் சேர்ந்த ஆட்களின் பெயர்ப் புத்தகங்கள் இங்கே ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன என்றும், மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்பா பெயரைத் தேடித் தருவாராம்.

அக்கா, நம் செபப் புத்தகத்தின் முதல் தாளில் எல்லாருடைய பிறப்பும் ஞானஸ்நானமும் சாவும் எழுதியிருக்கிறது. அப்பா பெயருக்கு எதிரே மட்டும் பாதி வரி காலியாக இருக்கிறது. மத்தியாஸ், 1942இல் கப்பற்படைக்குப் போனார் என்று நான்தான் பத்து வயதில் பென்சிலால் எழுதினேன். எந்தக் கப்பல், எங்கே போனது, ஏன் திரும்பவில்லை என்று அதில் எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி. எனக்கு அப்பாவைப் பற்றி ஞாபகம் இருப்பது ஹட்டன் ஸ்டேஷனில் கயிறு கட்டிய பெட்டியோடு நின்றதுதான். பிரஜாவுரிமை விசாரணை வரும்போதும் அப்படி ஒரு காகிதம் கையில் இருந்தால் நமக்குப் பலம்.

இன்னொன்று. இங்கே கப்பல்காரர்களுக்குக் கொடுக்கும் மடக்குக் கத்தியில் சின்ன அம்பு அடையாளம் அடித்திருக்கும். பெரியப்பா பாக்கு வெட்டும் கத்தியிலும் அதே அம்பைப் பார்த்திருக்கிறேன். அது அவருக்கு எங்கே கிடைத்தது?

அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் என் வணக்கம்.

தம்பி
சூசை

*

கல்லுமலைத் தோட்டம், கீழ்க்கணக்கு
ஹட்டன்
2 ஏப்ரில் 1954

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். அம்மாவின் இருமல் பனிக்காலத்தோடு போய்விட்டது. பெரியப்பாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. மழை வருமா வராதா என்று லயத்து வீடுகளில் எல்லாரும் அந்தக் காலைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டு சாவி கிடைத்தவுடன் சரித்திரம் படிக்கப் போய்விட்டாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே. பழைய புத்தகத்தைத் திறந்தால் தூசிதான் வரும். உன் கடுதாசியை வாசித்தபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்காம் அது?" என்று மட்டும் கேட்டார்.

பிரஜாவுரிமை மனுவைப் பற்றி நீ கவலைப்படாதே. போட வேண்டிய விதமாகத்தான் போட்டிருக்கிறது. உன் பெயரும் என் பெயரும் அதில் உண்டு. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு.

அன்புள்ள அக்கா
றோசலின்

*

திருகோணமலை
9 மே 1954

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும். வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

மஃறூப் நானா மூன்று வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய் வந்த கையோடு எனக்காக அந்த அறையில் உட்கார்ந்தார். 1942 முதல் 1945 வரை மூன்று மத்தியாஸ் இருக்கிறார்கள். இரண்டு பேர் மன்னார், ஒருவர் யாழ்ப்பாணம். மூவரும் உயிரோடு திரும்பியவர்கள். நம் தோட்டத்து மத்தியாஸ் இல்லை.

கிடங்கில் ஒருவன், மலைநாட்டில் பெண்டாட்டியை விட்டு ஓடுகிறவன் எல்லாம் கப்பலுக்குப் போறேன் என்றுதான் சொல்வான் என்று சிரித்தான். மஃறூப் நானா அவனை அதட்டினார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கத்திகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்கா, அப்பா நம்மை விட்டு ஓடிப் போனாரா? உங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கத்தியைப் பற்றிக் கேட்டதற்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

சூசை

*

கல்லுமலைத் தோட்டம்
20 யூலை 1954

அன்புள்ள தம்பிக்கு, எல்லாரும் நலம். உன் நலத்தை இரண்டு மாதமாகக் கேட்காமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். மழை, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகல், பிள்ளைகளுக்கு அம்மை என்று ஆயிரம் காரணம் எழுதலாம். நீ நம்ப மாட்டாய்.

அப்பா ஓடிப் போகவில்லை. மாதாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதற்கு மேல் என்னைக் கேட்காதே, தேடவும் வேண்டாம்.

விசாரணைக்குக் கடிதம் வந்துவிட்டது. ஒக்டோபர் 14ஆம் திகதி, நுவரெலியாவில். பிள்ளைகளும் வர வேண்டுமாம். லீவு கேட்டு வை. காகிதம் ஒன்றும் கொண்டு வராதே, தினமும் வேலைக்கு வந்தவர் பெயரை எழுதும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகமே போதும். கருவாடு வந்து சேர்ந்தது, பெரியப்பா ருசித்துச் சாப்பிட்டார்.

அக்கா
றோசலின்

*

திருகோணமலை
1 ஓகஸ்ட் 1954

அக்காவுக்கு, எல்லாருடைய சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை விட்டுவிட்டு ஊரைத் தேடலாம் என்று மஃறூப் நானா சொன்னார். நேற்றுக் கிடைத்தது. அப்படியே எழுதுகிறேன்.

கஸ்பர், தகப்பன் பெயர் அந்தோணி, கல்லுமலைத் தோட்டம், ஹட்டன். 1942 யூன் மாதம் சேர்ந்தார். கப்பலில் நெருப்பறையில் கரி போடும் வேலை. 1944 பெப்ரவரி 14ஆம் திகதி காய்ச்சலில் இறந்தார். கடலில் அடக்கம். நெருங்கிய உறவினர், தம்பி மத்தியாஸ், அதே தோட்டம். இறந்தவரின் சாமான்கள் செபமாலை ஒன்று, சட்டை இரண்டு, மடக்குக் கத்தி ஒன்று. தம்பி மத்தியாஸ் கைநாட்டு வைத்துப் பெற்றுக்கொண்டார்.

கஸ்பர் நம் பெரியப்பா. அவர் பத்து வருஷத்துக்கு முன் கடலில் அடக்கம் ஆகியிருக்கிறார். போன மாதம் நான் அனுப்பிய கருவாட்டை ருசித்துச் சாப்பிட்டும் இருக்கிறார். சாமானுக்குக் கைநாட்டு வைத்தவர் அப்பா என்றால் அப்பா எங்கே?

முத்திரை வைத்த பிரதி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் அதை விசாரணைத் துரையின் மேசையில் வைத்து அவரிடமே கேட்பேன்.

சூசை

*

கல்லுமலைத் தோட்டம்
5 ஓகஸ்ட் 1954

தம்பி சூசைக்கு, உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இதைத் தபாலில் எழுதப் பயம்தான். ஆனாலும் எழுதாவிட்டால் நீ செய்யப் போவது அதைவிடப் பயம்.

இறந்தது அப்பா.

1942இல் நாம் தோட்டத்தின் மேற்பிரிவில், மேல்கணக்கில் இருந்தோம். பெரியப்பாவுக்கும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்கும் வாய்த்தகராறு. வேலையிலிருந்து விலக்கும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அதே மாதம் அப்பா கப்பற்படைக்குப் போகவேண்டும் என்று நின்றார். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மாவைக் கேட்டால் "கடல பாக்கணும்னாரு" என்பார், அவ்வளவுதான். சண்டைக் காலம், ஆள் பற்றாக்குறை. தானாகக் கேட்கிறவனுக்குத் துரை பற்றுச்சீட்டு கொடுக்க மாட்டார். தோட்டத்து ஆள் அந்தச் சீட்டு இல்லாமல் போனால் படையிலும் சேர்க்க மாட்டார்கள். போக நினைத்தவருக்குச் சீட்டு இல்லை, சீட்டு கிடைத்தவருக்கு அப்போதே வீங்கியிருந்த அந்தக் காலை வைத்துக்கொண்டு போக இடம் இல்லை.

பற்றுச்சீட்டில் பெயரும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். முகம் இருக்காது. அப்பா அண்ணனுடைய சீட்டை எடுத்துக்கொண்டு கஸ்பராகப் போனார். விஷயம் தெரிந்த முத்துலிங்கம் கங்காணி நம்மைக் கீழ்க்கணக்குக்கு மாற்றிவிட்டார். இங்கே கணக்கப்பிள்ளைக்கு நம் முகம் தெரியாது. மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டில் மத்தியாஸ் என்று கூப்பிட்டபோது பெரியப்பா "இருக்கேங்க" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். சண்டை முடிந்ததும் அப்பா வந்து பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

உன்னைக் கண்டியில் போர்டிங்கில் விட்டது படிப்புக்காக மட்டும் இல்லை. உனக்கு அப்போது எட்டு வயது, வாய் ஓயாது.

1944இல் ஆபீசுக்கு வரச் சொல்லி, பெரிய கிளாக்கர் பெரியப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் கடிதத்தை வாசித்துச் சொன்னார். "மத்தியாசு, ஒன் அண்ணன் கஸ்பரு செத்துப் போயிட்டானாம்" என்றாராம். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா நேரே தேயிலை மலைக்குப் போய் அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். லயத்துக்கு மேலேதான் கணக்கப்பிள்ளை வீடு. புருஷனுடைய அண்ணன் இறந்தால் ஒருத்தி எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழுதார். தாலியைக் கழற்றவில்லை, கழற்ற முடியாது. செக்ரோலில் மத்தியாஸ் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. லயத்தின் ஒவ்வொரு காம்பிரா அறையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ஊர்வாயை எண்ணிப் பெரியப்பா பெயர் மாறிய நாளிலிருந்து வெளித் திண்ணையில், இஸ்தோப்பில்தான் படுக்கிறார். யூன் மாதத்து மழையிலும் உள்ளே வந்ததில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

1951இல் மனு போட்டவர் மத்தியாஸ். மனைவி சுகிர்தம், மகள் றோசலின், மகன் சூசை. ஒரு வருஷத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருக்காதவர் என்று செக்ரோல் சொல்கிறது. நீ அந்தப் பிரதியை மேசையில் வைத்தால் மனு பொய் என்று தள்ளிவிடுவார்கள். மனுப் போடும் காலமும் முடிந்துவிட்டது. அப்புறம் நாம் நாலு பேரும் நாடில்லாத கள்ளத்தோணி. பெரியப்பாவை மறியலில் பூட்டி வைப்பார்கள்.

உன்னிடம் பத்து வருஷம் மறைத்தது தப்பு. எந்த நாளில் சொல்வது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நாளும் வரவில்லை. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

அக்கா
றோசலின்

*

திருகோணமலை
28 செப்டெம்பர் 1954

அக்காவுக்கு, சுகமாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். பிரதியை எரிக்க முடியவில்லை. அப்பா இருந்தார் என்பதற்கு என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அதிலும் அவர் பெயர் இல்லை. விசாரணையில் நான் வேறொருவரைக் காட்டி அப்பா என்று சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா சாகவே இல்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. இப்படி இருப்பது நல்லதா என்றும் தெரியவில்லை.

லீவு கிடைத்திருக்கிறது. நேரே நுவரெலியாவுக்கு வருகிறேன். என்ன சொல்வேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

சூசை

*

கல்லுமலைத் தோட்டம்
17 ஒக்டோபர் 1954

அன்புள்ள தம்பிக்கு, நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? சாப்பிட்டாயா? நானுஓயாவில் ரயில் கிடைத்ததா? ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வேன் ஏறிவிட்டாயே என்று அம்மா நேற்றும் சொன்னார்.

துரை செக்ரோலைப் புரட்டிக்கொண்டே அம்மாவிடம் இவர் உன் புருஷனா என்று கேட்டாரே, "ஆமாங்க" என்று அம்மா சொன்ன விதம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவருக்கு அது பழகிவிட்டது. நீ சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு நின்றதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரதி அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன்னைக் கூப்பிட்டு இவர் யார் என்று கேட்டார்கள். மொழிபெயர்க்கிறவர் இரண்டாம் தரமும் கேட்டார். நீ பெரியப்பாவைப் பார்த்து "அப்பா" என்றாய். கையை வெளியே எடுத்தாய், வெறுங்கையாக.

நம் மனு ஒப்புக்கொள்ளப்பட்டது என்று கிளாக்கர் சொன்னார். பத்திரம் பின்னால் வருமாம்.

திரும்பி வந்தபோது பெரியப்பா லயத்துக்கு ஏறும் படியில் நின்று, "பாப்பா, அவன் கூப்பிட்டதுக்கு நான் பதில் சொல்லலியே" என்றார். பெரட்டில் ஒரு நாளும் பதில் சொல்லத் தவறாத மனுஷன். நான் பரவாயில்லை பெரியப்பா என்றேன்.

உன் மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்று நான் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

அக்கா
றோசலின்

*

திருகோணமலை
25 ஒக்டோபர் 1954

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். அம்மாவையும் பெரியப்பாவையும் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நவம்பர் 2ஆம் திகதி ஆத்துமாக்களின் திருநாள். கோவிலில் இறந்தவர்களின் பெயரை வாசிக்கும்போது அப்பாவுக்காக ஒரு பெயர் கொடுங்கள். மத்தியாஸ் என்று கொடுக்க முடியாது. கஸ்பர் என்றே வாசிக்கட்டும். கப்பலில் அந்தப் பெயரைச் சொல்லித்தானே செபம் செய்து கடலில் இறக்கியிருப்பார்கள். யாருக்குச் செய்யும் பூசை என்று சர்வேசுரனுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குச் சம்மதம் இல்லை என்றால் வேண்டாம்.

பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். செபப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டிவிடுங்கள்.

தம்பி
சூசை

*

கல்லுமலைத் தோட்டம்
4 நவம்பர் 1954

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ சொன்னபடியே செய்தோம். பெரியப்பாவே சுவாமியாரிடம் போய் பெயரைக் கொடுத்தார். எல்லாவற்றையும் முன்பே பாவசங்கீர்த்தனத்தில் கேட்டவர் என்பதால் சுவாமியார் ஒன்றும் கேட்கவில்லை. பூசை முழுதும் பெரியப்பா அந்தக் காலோடு முழந்தாளில் இருந்தார். கஸ்பர் என்று வாசித்தபோது தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்து, "எம் பூசைய நானே பாத்துட்டேன் பாப்பா, நல்லாத்தான் வாசிச்சாரு" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் நிறுத்திய அழுகையை இனி எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

பார்சலில் கத்தி வருகிறது. பெரியப்பா உனக்குக் கொடுக்கச் சொன்னார். இனிப் பாக்கைப் பல்லால் கடித்துக்கொள்வாராம்.

அக்கா
றோசலின்

*

கல்லுமலைத் தோட்டம்
26 யூன் 1962

அன்புள்ள தம்பி சூசைக்கும் மருமகளுக்கும் சின்னவனுக்கும் ஆசீர்வாதம். அங்கே எல்லாரும் சுகமா? தந்தி கிடைத்தும் மண்சரிவால் ரயில் ஓடாமல் உன்னால் வர முடியவில்லை என்று தெரியும். மனதில் வைத்துக்கொண்டு வருந்தாதே.

பெரியப்பா நோய், வருத்தம் என்று படுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய் வந்தார். இரவு இஸ்தோப்பில் படுத்தவர் சனிக்கிழமை விடிந்தபோது எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அடக்கம் செய்தோம். மழை விட்டிருந்தது. தோட்டமே வந்தது.

மரணப் பத்திரத்தில் மத்தியாஸ் என்று எழுதினார்கள். சிலுவையிலும் அப்படித்தான் எழுதியாக வேண்டும். மத்தியாஸ், தகப்பன் பெயர் அந்தோணி. எனக்குக் கை வரவில்லை, அம்மாதான் எழுதச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் அது ஒண்ணு போதும்" என்றார். அன்றைக்கு மாலை தாலியைக் கழற்றி மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டார். பதினெட்டு வருஷம் பிந்தி. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பார்க்க வந்த பெண்கள் என்ன நினைத்தார்களோ.

செபப் புத்தகத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. நீ வரும்போது நீயே எழுது. பென்சிலால் வேண்டாம்.

நேற்றுத் திங்கட்கிழமை. பெரட்டுக்களத்திலிருந்து கணக்கப்பிள்ளையின் சத்தம் எங்கள் காம்பிராவுக்குக் கேட்கும். மனுஷன் பழக்கத்தில் மத்தியாஸ் என்று கூப்பிட்டுவிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தரம் கூப்பிட்டார். அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். களத்தில் அடுத்த பெயரைக் கூப்பிடத் தொடங்கிய பிறகு, அம்மா அப்பாவுக்காக வாய்விட்டு அழுதார்.

அக்கா
றோசலின்